கர்னலைத் திட்டாதீங்க, ஒயர் இழுத்தவனைக் கேளுங்க

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கடுப்பில் எழுதியது. கணினியின் வயிற்றுக்குள் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க விருப்பமில்லாதவங்க அப்படியே அடுத்த பதிவுக்கு ஜம்ப் பண்ணிடுங்க. கோச்சுக்க மாட்டேன் :-)

லினக்ஸ் போட்டேன், சவுண்டு வரலை. லினக்ஸ் போட்டேன், நெட்வொர்க் கார்டு தூங்குது. இப்படி யாராவது வாயைத் திறந்தால் போதும், நாலு பேர் ஓடி வந்து ஒரே மந்திரத்தை ஓதுவாங்க. "பூட் லைன்ல ஏ.சி.பி.ஐ=ஆஃப்னு போடுங்க தல, எல்லாம் சரியாயிடும்." கேட்டவரும் போடுவார். பல சமயம் சரியாகவும் ஆகிவிடும். "லினக்ஸ்னாலே இப்படித்தான்பா" என்று ஒரு பெருமூச்சு விட்டுட்டு எல்லோரும் கலைஞ்சு போயிடுவாங்க.

எனக்கு இந்த இடத்துலதான் பத்திக்கிட்டு வருது. சரியாயிடுச்சே, அப்புறம் என்ன என்கிறீர்களா? ஏன் சரியாச்சுன்னு ஒருத்தராவது கேட்டிருக்கீங்களா? கேட்டிருந்தால் கர்னலைத் திட்டியிருக்க மாட்டீங்க. மதர்போர்டு செஞ்சவனைப் பிடிச்சு உலுக்கியிருப்பீங்க.

முதலில் என் சொந்தக் கதை. 2006-ல என்கிட்ட ஒரு அசெம்பிள்டு பென்டியம் 4 பெட்டி இருந்தது, ஹைபர்த்ரெடிங் உள்ளது. அதில் ஒரு டி.வி. ட்யூனர் கார்டு வாங்கிச் சொருகினேன். லினக்ஸில் டி.வி.யைப் போட்டால் படம் வரலை. அது கூடப் பரவாயில்லை. டி.வி. சாஃப்ட்வேரைத் திறந்த கொஞ்ச நேரத்துல யு.எஸ்.பி. மவுஸ் செத்துப்போகுது! டி.வி.க்கும் மவுஸுக்கும் என்னய்யா சம்பந்தம்? கர்னல் லாகைப் பார்த்தால், 'ஐ.ஆர்.க்யூ 18: நோபடி கேர்டு' என்று ஒரு வரி. அதாவது 18-ஆம் லைனில் யாரோ கூப்பிட்டாங்க, யாருமே கண்டுக்கலை, அதனால் அந்த லைனையே மூடிட்டேன் என்கிறது கர்னல். அதுக்குக் கீழே 'இந்த லைனில் இருப்பவர்' என்று யு.எஸ்.பி. டிரைவர் பெயர். பார்க்கிறவன் யாரைச் சந்தேகப்படுவான்? யு.எஸ்.பி.யைத்தான். நானும் ரெண்டு நாள் மவுஸை மாத்தி மாத்திச் சொருகிட்டிருந்தேன்.

இன்டரப்ட் எல்லாம் எந்த லைனில் எத்தனை வந்திருக்குன்னு கர்னலே ஒரு பட்டியல் வெச்சிருக்கும். அதைத் திறந்து பார்த்தேன். ட்யூனர் 21-ஆம் லைனில் பதிவாகியிருக்கு, அங்கே வந்த இன்டரப்ட் பூஜ்யம். யு.எஸ்.பி. இருக்கும் 18-ஆம் லைனில் ஒரு லட்சத்தைத் தாண்டி நின்னுபோயிருக்கு. அப்பத்தான் மண்டையில் பல்பு எரிஞ்சுது. கார்டு கூப்பிடுது. ஆனா அது அழுத்துற காலிங் பெல் வேற வீட்டில் அடிக்குது.

இதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும். சுருக்கமாவே சொல்றேன்.

ஒரு சாதனத்துக்கு பிராசசரின் கவனம் வேணும்னா ஒரு கம்பியை இழுக்கும், அதுதான் இன்டரப்ட். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் 8259ஏ என்ற ஒரு சிப், எட்டு லைன். 1984-ல் வந்த ஏ.டி.யில் இன்னொரு சிப்பை முதலாவதின் இரண்டாம் லைனில் தொத்த வெச்சு 15 ஆக்கினாங்க. அந்தக் கால ஐ.எஸ்.ஏ. கார்டுகளில் ஜம்பர் இருக்கும். இந்தக் கார்டுக்கு 5, அந்தக் கார்டுக்கு 7 என்று நாமே குத்தி வைக்கணும். ரெண்டு கார்டு ஒரே லைனைப் பகிர முடியாது. தலைவலிதான், ஆனா ஒளிவுமறைவு கிடையாது. எது எங்கே இருக்குன்னு கண்ணால் பார்க்கலாம்.

1992-ல் இன்டெல் பி.சி.ஐ. பஸ்ஸைக் கொண்டு வந்தது. ஒவ்வொரு ஸ்லாட்டிலும் ஏ, பி, சி, டி என்று நான்கு இன்டரப்ட் பின். பல கார்டுகள் ஒரே லைனைப் பகிரலாம், ஏன்னா இது 'லெவல்' வகை: கூப்பிட்ட கார்டு, தன்னைக் கவனிக்கும் வரை கம்பியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும். கர்னல் அந்த லைனில் பதிவான டிரைவர்களை வரிசையாகக் கேட்கும், "உன் ஆளா? உன் ஆளா?" என்று. அருமையான ஏற்பாடு. ஒரே ஒரு ஓட்டை. ஸ்லாட்டில் நான்கு பின் இருக்கணும்னு சொன்ன தரநிலை, அந்தப் பின்னிலிருந்து போகும் கம்பி போர்டில் எங்கே போய்ச் சேரணும் என்று சொல்லலை. அதை போர்டை வரையறவர் இஷ்டத்துக்கு விட்டுட்டாங்க. பெரும்பாலான கார்டுகள் ஏ பின்னை மட்டுமே உபயோகிக்கும் என்பதால், எல்லா ஏ-யும் ஒரே லைனில் குவியாமல் இருக்க ஸ்லாட்டுக்கு ஸ்லாட் ஒரு சுற்று மாத்தி இணைப்பாங்க. நல்ல வழக்கம். ஆனா வழக்கம்தான், கட்டாயம் இல்லை.

ஆக, மூணாவது ஸ்லாட்டின் ஏ பின் எங்கே போகுதுன்னு உலகத்தில் தெரிஞ்ச ஒரே ஆள் போர்டை வரைஞ்ச எஞ்சினியர். கர்னலுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க வழியும் கிடையாது. சுவருக்குள்ளே பூசி மறைச்ச ஒயர் அது. குடிவந்தவன் சுவரை உடைச்சா பார்க்க முடியும்? எலக்ட்ரீஷியன் எழுதி ஒட்டிட்டுப் போன துண்டுச்சீட்டை நம்பித்தான் ஆகணும்.

அந்தச் சீட்டுகள் எத்தனைங்கிறீங்க? அங்கேதான் கூத்தே.

முதல் சீட்டு கார்டுக்குள்ளேயே இருக்கு. ஒவ்வொரு பி.சி.ஐ. சாதனத்தின் கான்ஃபிகரேஷன் பகுதியிலும் ஹெக்ஸில் 3சி, 3டி என்று அடுத்தடுத்து ரெண்டு பைட். 3டி-யில் இருப்பது பின்: நான் ஏ-யை இழுப்பேன், பி-யை இழுப்பேன் என்று கார்டு சொல்வது. இது ஹார்டுவேரில் பதிஞ்சது, நம்பலாம். 3சி-யில் இருப்பது லைன். இது வெறும் எழுதுபலகை. மெஷின் எழும்போது பயாஸ் வந்து "உனக்கு 11" என்று எழுதி வைக்கும். கார்டு அந்த எண்ணைத் திரும்பிக் கூடப் பார்க்காது. நீங்க அதில் 5 என்று மாத்தி எழுதினாலும் இன்டரப்ட் 5-க்கு வராது. (விதிவிலக்கு: வியா கம்பெனி சிப்செட்டுகள் சிலவற்றில் உள்ளேயே இருக்கும் சாதனங்களுக்கு அங்கே எழுதினால் நிஜமாகவே லைன் மாறும். அதுக்காகவே லினக்ஸ் கர்னலில் தனியா ஒரு ஒட்டுவேலை இருக்கு. இது எந்த ஊர் நியாயமோ.)

ரெண்டாவது சீட்டு, '$பி.ஐ.ஆர்.' என்ற நாலு எழுத்தோடு ஆரம்பிக்கும் ஒரு அட்டவணை. மைக்ரோசாஃப்ட் வகுத்தது. பயாஸ் தன் நினைவகப் பகுதியில் எங்கேயாவது வெச்சிருக்கும், கர்னல் 16 பைட்டுக்கு ஒருமுறை மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கணும். மூணாவது சீட்டு, இன்டெல் 1990களின் நடுவில் பல பிராசசர் மெஷின்களுக்காகக் கொண்டு வந்த எம்.பி. அட்டவணை. அப்போ பழைய 8259ஏ-க்குப் பதில் ஐ.ஓ.-ஏபிக் என்ற புது சிப் வருது, அதில் 24 உள்ளீடு. நாலாவது சீட்டு, இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூணு பேரும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. அதில் '_பி.ஆர்.டி.' என்று ஒரு சங்கதி, ஒவ்வொரு ஸ்லாட்டின் ஒவ்வொரு பின்னும் எங்கே போகுதுன்னு சொல்லும்.

ஒரே கம்பிக்கு நாலு சீட்டு. நாலையும் எழுதுவது அதே போர்டு கம்பெனி. நாலும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகணும்னு சரிபார்க்கிற ஆள் யாரும் இல்லை.

இப்போ மந்திரத்துக்கு வருவோம். ஏ.சி.பி.ஐ=ஆஃப் போட்டால் என்ன நடக்குது? கர்னல் நாலாவது சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு மூணாவதையோ ரெண்டாவதையோ எடுத்துப் படிக்குது. அவ்வளவுதான். அது வேலை செஞ்சா என்ன அர்த்தம்? சரியான விடை போர்டு கம்பெனிக்குத் தெரியும், ஒரு சீட்டில் சரியா எழுதியிருக்கான், இன்னொரு சீட்டில் தப்பா எழுதிட்டான் என்று அர்த்தம். உங்க மந்திரம் பலிச்சதே கர்னல் குற்றவாளி இல்லை என்பதற்கான சாட்சி! அந்தச் சாட்சியைக் கையில் வெச்சுக்கிட்டே கர்னலுக்குத் தண்டனை குடுக்கறீங்களே, இது எப்படி இருக்கு?

என் பெட்டியிலும் அதேதான். ஏ.சி.பி.ஐ.யை அணைச்சதும் டி.வி. வந்தது, மவுஸ் உயிரோடு இருந்தது. ஆனா ரெண்டு பிராசசராகத் தெரிஞ்சது ஒண்ணாயிடுச்சு. எம்.பி. அட்டவணையில் ஹைபர்த்ரெடிங்கின் இரண்டாவது பாதி இருக்காது, அது ஏ.சி.பி.ஐ. அட்டவணையில் மட்டும்தான். ஷட்டவுன் கொடுத்தால் 'சிஸ்டம் ஹால்டட்' என்று சொல்லிட்டு மின்விசிறி சுத்திக்கிட்டே நிக்கும், பட்டனை அமுக்கித்தான் அணைக்கணும். காசு கொடுத்து வாங்கினதில் பாதியைத் தூக்கிப் போட்டுட்டு 'பிரச்சினை தீர்ந்தது' என்றால் எப்படி? பல்வலிக்குத் தலையை வெட்டின கதை.

சரி, அந்த _பி.ஆர்.டி.யில் என்னதான் இருக்குன்னு பிரிச்சுப் பார்த்தேன். இன்டெல்லே இதுக்கு ஒரு கருவி இலவசமா கொடுக்குது, பைனரியைப் படிக்கிற மாதிரி மாத்திக் கொடுக்கும். ஏ.சி.பி.ஐ.யில் ஒரு வேடிக்கை, இது வெறும் அட்டவணை இல்லை, குட்டி புரோகிராம். பழைய 8259ஏ முறையில் ஓடுகிறாயா, ஏபிக் முறையில் ஓடுகிறாயா என்று கேட்டு, அதுக்கேத்தபடி ரெண்டு வேற பட்டியலில் ஒண்ணைக் கொடுக்கும். என் போர்டில் பழைய முறைக்கான பட்டியல் சுத்தமா இருந்தது. ஏபிக் பட்டியலில் என் ட்யூனர் இருந்த ஸ்லாட்டுக்கான நாலு வரி, முந்தின ஸ்லாட்டின் நாலு வரியேதான். காப்பி, பேஸ்ட். ஒட்டினவன் எண்ணை மாத்த மறந்துட்டான்.

"அப்ப விண்டோஸ்ல மட்டும் எப்படி ஓடிச்சு?" நல்ல கேள்வி. கடைக்காரர் ஒரே ஒரு எக்ஸ்.பி. கோஸ்ட் இமேஜை வெச்சுக்கிட்டு எல்லாப் பெட்டியிலும் இறக்குறவர். அந்த இமேஜ் பழைய 8259ஏ முறையில் நிறுவப்பட்டது. அதனால் எக்ஸ்.பி. எடுத்தது சுத்தமான பட்டியல், லினக்ஸ் எடுத்தது அழுகின பட்டியல். விண்டோஸ் புத்திசாலி, லினக்ஸ் மக்கு என்று இதைப் பார்த்து எத்தனை பேர் முடிவு கட்டியிருப்பாங்க!

போர்டு கம்பெனிக்கு (பேர் வேண்டாம், விடுங்க) வரி எண்ணோடு மெயில் போட்டேன். "நாங்க லினக்ஸை ஆதரிக்கிறதில்லை" என்று பதில். ஐயா, நான் லினக்ஸைப் பத்தியா கேட்டேன்? உங்க போர்டில் உங்க கம்பி எங்கே போகுதுன்னு நீங்களே தப்பா எழுதி வெச்சிருக்கீங்கன்னு சொன்னேன். கம்பிக்கு எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம்னு தெரியுமா?

இது என் ஒருத்தன் புலம்பல் என்று நினைக்காதீங்க. லினக்ஸ் கர்னல் மூலநிரலில், ஏ.சி.பி.ஐ. பகுதியில் பி.சி.ஐ. இன்டரப்டைக் கையாளும் ஃபைலைத் திறந்து பாருங்க. அங்கே ஒரு சின்னப் பட்டியல் இருக்கு. மெடியான் எம்.டி.9580 மடிக்கணினி, டெல் ஆப்டிப்ளெக்ஸில் ஜி.எக்ஸ்.1-ம் ஜி.எக்ஸ்.110-ம், ஹெச்.பி. டி5710. இந்த மெஷின்களில் இன்ன சாதனத்தின் ஏ பின் இன்ன லைனுக்குப் போவதாக பயாஸ் சொல்லும், நம்பாதே, நிஜத்தில் வேற லைன் என்று கர்னல்காரங்க கையால் எழுதி வெச்சிருக்காங்க. மெடியான்காரன் செஞ்ச தப்பை, மெடியான் கம்பெனியைக் கண்ணால் பார்க்காத எவனோ ஒருத்தன் திருத்தி, அது உலகத்தில் ஓடும் அத்தனை லினக்ஸோடும் சேர்ந்து சுத்திக்கிட்டிருக்கு. யார் வேலையை யார் செய்யறது?

இன்னொரு பக்கம் டெக் ஆல்ஃபா மெஷின்களுக்கான கர்னல் பகுதியைப் பாருங்க. அங்கே போர்டு வகைக்கு ஒரு ஃபைல். ஒவ்வொண்ணிலும் எந்த ஸ்லாட், எந்தப் பின், எந்த லைன் என்று கட்டம் போட்டு எழுதி வெச்ச அட்டவணை. பழைய காலத்து வழிதான், புது போர்டு வந்தால் புது ஃபைல் எழுதணும். ஆனா தப்பு இருந்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், ஒருத்தர் திருத்தினால் எல்லோருக்கும் சரியாகும். ஏ.ஆர்.எம். உலகம் பிடிச்சிருக்கும் டிவைஸ் ட்ரீயும் (இதோட வேர் சன்னும் ஆப்பிளும் உபயோகிச்ச ஓப்பன் ஃபர்ம்வேரில் இருக்கு) இதே கட்சி. இன்டரப்ட் மேப் என்பது அதில் படிக்கக்கூடிய வெறும் தரவு. உள்ளே ஓடுற புரோகிராம் எதுவும் கிடையாது. 'நீ எந்த சிஸ்டம்?' என்று கேட்டு ஆளுக்கொரு பதில் சொல்லவும் சொல்லாது.

ஏ.சி.பி.ஐ. கேட்கும்! '_ஓ.எஸ்.ஐ.' என்று ஒரு வசதி. பயாஸ் கேட்கும், "நீ விண்டோஸ் இந்த வருஷத்துதா?" என்று. லினக்ஸ் கர்னல் "ஆமாம்" என்று சொல்லுது. ஆமாங்க, பொய் சொல்லுது. "நீ லினக்ஸா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று சொல்வதை 2007-லேயே நிறுத்திட்டாங்க. ஏன்னா லினக்ஸுக்கென்று எழுதின கிளையை போர்டு கம்பெனிகள் சோதிப்பதே இல்லை, விண்டோஸ் கிளைதான் கொஞ்சமாவது அடிபட்டது. தன் பேரைச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது என்று அடுத்தவன் பேரைச் சொல்லிச் சாப்பிடுற நிலைமை.

இதில் சதி இருக்கா? 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் எழுதின ஒரு உள் மெயில், அமெரிக்காவில் அயோவா மாநிலத்து வழக்கில் ஆவணமாக வெளியே வந்தது. ஏ.சி.பி.ஐ. நீட்டிப்புகளை விண்டோஸுக்கு மட்டுமே என்கிற மாதிரி ஆக்க முடியாதா என்ற யோசனை அதில் இருக்கு. நம்ம ஆட்கள் இதைக் காட்டி "பாத்தியா" என்று குதிப்பாங்க. நான் அந்தக் கட்சி இல்லை. யோசிச்சதற்கு ஆதாரம் இருக்கு, செஞ்சதற்கு அந்த மெயில் ஆதாரம் ஆகாது. என் போர்டில் காப்பி பேஸ்ட் பண்ணின ஆளுக்கு பில் கேட்ஸ் போன் பண்ணியிருக்க மாட்டார். சோம்பேறித்தனம் போதும் சார், இதுக்குச் சதி வேற தனியா வேணுமா?

கர்னல்காரங்க மேலயும் எனக்குக் கோபம் இருக்கு, மறைக்க வேண்டாம். ஒரு லட்சம் தடவையில் 99,900-க்கு மேல் யாரும் பொறுப்பேற்கலைன்னா லைனை மூடுவது சரி, இல்லாட்டி மெஷினே தொங்கிடும். ஆனா செய்தியில் காட்டுவது பலியானவன் பெயரை மட்டும்! 'உங்க பயாஸ் சீட்டு தப்பா இருக்கலாம், இன்டரப்டே வராத சாதனம் எது என்று பாருங்க' என்று ஒரு வரி போட்டால் குறைஞ்சா போயிடுவாங்க? அதுக்குப் பதிலா 'ஐ.ஆர்.க்யூ.போல்' போட்டுப் பாருங்கன்னு ஒரு யோசனை சொல்லும். அது யாரும் பொறுப்பேற்காத இன்டரப்டுக்கு ஊரையே எழுப்பிக் கேட்கிற வேலை.

அடுத்து, சொந்தமா கர்னல் எழுதும் நம்ம தம்பிமாருக்கு. பாடக்குறிப்பு எழுதறவங்க பாதிப்பேர் "3சி-யைப் படி, அதுதான் உன் ஐ.ஆர்.க்யூ, முடிஞ்சுது" என்று சொல்லிக் கொடுக்கறாங்க. க்யூ.எம்.யூ.வில் ஓட்டிப் பார்ப்பீங்க, 10 அல்லது 11 என்று வரும், இன்டரப்டும் வரும், ஜிவ்வுனு இருக்கும். அந்த எண் பழைய 8259ஏ-க்கான எண். ஐ.ஓ.-ஏபிக்கை இயக்கின அடுத்த நிமிஷம் அது செல்லாக்காசு, பி.சி.ஐ. கம்பிகள் அங்கே பெரும்பாலும் 16-லிருந்து 23-க்குள் போய் உட்கார்ந்திருக்கும். கார்டுக்குள் ஒரு பிரிட்ஜ் இருந்தால் பின் இன்னொரு சுற்று சுத்தும்: சாதன எண்ணைப் பின்னோடு கூட்டி நாலால் வகுத்த மீதி. இதையெல்லாம் சொல்லாமல் விட்டுட்டு, பையன் நிஜ மெஷினில் போட்டு ஓடலைன்னதும் "ஹார்டுவேர் சரியில்லை தம்பி" என்று தோளைத் தட்டுறது அநியாயம்.

"அண்ணே, இப்பத்தான் எம்.எஸ்.ஐ. வந்தாச்சே, கம்பியே இல்லையே?" என்று ஒருத்தர் வருவார். தெரியும். பி.சி.ஐ. 2.2-லேயே, 1998-ல் வந்தது. கம்பியை இழுக்காமல் ஒரு முகவரியில் ஒரு எண்ணை எழுதினால் அதுவே இன்டரப்ட். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸில் நிஜக் கம்பி கிடையாது, பழைய ஏ, பி, சி, டி-யைச் செய்தியாக அனுப்பி நடிக்கும். நடுவில் துண்டுச்சீட்டே வேண்டாம், போர்டுக்காரன் கை வைக்க இடமில்லை. அதனால்தான் அது ஒழுங்கா ஓடுது! என் கட்சியை நீங்களே பேசறீங்க. ஆனா எம்.எஸ்.ஐ. சரியில்லாத சாதனத்துக்கு இன்னிக்கும் கர்னல் பழைய கம்பி முறைக்குத்தான் திரும்புது, அப்போ அதே _பி.ஆர்.டி. சீட்டுத்தான் கதி.

மந்திரம் மட்டும் மாறலை. 2006-ல் அது பாதி மெஷினைப் பறிச்சது, இன்னிக்கு மிச்சத்தையும் பறிக்கும். புது மடிக்கணினிகளில் எம்.பி. அட்டவணை கிடையாது, ஏ.சி.பி.ஐ.யை அணைச்சா எட்டு கோர் உள்ள மெஷின் ஒத்தைக் கோரில் தள்ளாடும், எழுந்தால். டச்பேட் எங்கே இருக்குன்னு சொல்றதும் பல மாடல்களில் ஏ.சி.பி.ஐ.தான், அதுவும் போச்சு. பேட்டரி எவ்வளவு இருக்குன்னு தெரியாது. இன்டரப்ட் வழியை மட்டும் சந்தேகப்பட்டால் அதுக்கென்று ஏ.சி.பி.ஐ=நோ.ஐ.ஆர்.க்யூ. என்று தனியா ஒண்ணு இருக்கு, மத்ததைத் தொடாது. அதையாவது சொல்லித் தொலைங்கப்பா. கூடவே இன்டரப்ட் பட்டியலையும் கர்னல் லாகையும் எடுத்து, பயாஸ் பதிப்போடு சேர்த்து பக் போடச் சொல்லுங்க. மெடியானும் ஆப்டிப்ளெக்ஸும் அந்த ஃபைலுக்குள்ளே போனதே, யாரோ ஒருத்தர் மந்திரத்தோடு நிறுத்தாமல் புகார் எழுதினதால்தான்.

என் ட்யூனர் என்ன ஆச்சுன்னு சொல்லலையே. பிரிச்ச நிரலில் அந்த வரியில் ஹெக்ஸில் 15 என்று இருந்ததை 12 ஆக்கினேன் (நம்ம கணக்கில் 21-ஐ 18), திரும்பக் கம்பைல் பண்ணிக் கர்னலோடு சேர்த்தேன். ஏ.சி.பி.ஐ. முழுசா ஓட, ரெண்டு பிராசசரும் தெரிய, மவுஸும் டி.வி.யும் 18-ஆம் லைனை ஒத்துமையா பகிர்ந்துக்கிட்டு அஞ்சு வருஷம் உழைச்சது அந்தப் பெட்டி.

பி.கு: அந்த போர்டுக்கு அப்புறம் ஒரே ஒரு பயாஸ் அப்டேட் வந்தது. புது பிராசசர் மாடல்களுக்கு ஆதரவு சேர்த்திருக்கோம் என்று போட்டிருந்தாங்க. இறக்கிப் பிரிச்சுப் பார்த்தேன். 15, அப்படியே இருந்தது.